காலிக் கோட்டையில் அந்தி நேரப் படங்கள்

இலங்கையின் காலிக் கோட்டைக்கு அந்தி நேரத்தில் படமெடுக்கச் செல்லும் தம்பதியர் பலர் கலங்கரை விளக்கத்தின் அருகிலேயே பொழுதைக் கழித்துவிடுகிறார்கள். 1939இல் கட்டப்பட்ட அந்த வெள்ளைக் கோபுரம் கோட்டையின் தென்கிழக்கு மூலையில் இருப்பதால், அதன் மேற்குப் பக்கத்தில் மஞ்சள் வெயில் விழும்போதே, அதாவது சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே, அங்குள்ள படங்களை முடித்துக்கொண்டு, மதில் வழியாக ஃபிளாக் ராக் கொத்தளத்திற்கு நடந்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் சூரியன் கடலுக்குள் இறங்குவதை அங்கிருந்து மறைப்பின்றிக் காணலாம்.

நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊர் என்பதால் சூரியன் மறைந்தபின் ஏறத்தாழ 20 நிமிடங்களே வெளிச்சம் நிற்கும். உடை மாற்றுவதை அந்த நேரத்திற்கு ஒத்திவைக்க வேண்டாம். கைப்பேசியில் எடுப்பவர், திரையில் முகத்தைத் தொடாமல் வானத்தைத் தொட்டு, ஒளியளவைச் சற்றே குறைத்தால், இருவரின் நிழலுருவமும் செவ்வானத்தின் முன் தெளிவாக விழும்; அப்போது இருவருக்கும் இடையில் ஒரு கை அகலமாவது இடைவெளி இல்லாவிட்டால் இரண்டு உருவங்களும் ஒன்றாகிவிடும்.

கடற்காற்று பலமாக இருக்கும் என்பதால் முந்தானையைத் தோளில் இரண்டு ஊக்குகளால் குத்திக்கொள்வது நல்லது. மதிலின் கடற்பக்க விளிம்பில் பல இடங்களில் தடுப்பு இல்லை. படமெடுப்பவர் திரையைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்கவே கூடாது.