பியரோவின் ஓவியங்களைப் பார்க்க மூன்று நாள்: தர்மபுரியிலிருந்து கிளம்புவோருக்கு

இத்தாலிய ஓவியர் பியரோ தெல்லா பிரான்செஸ்கா (மறைவு 1492) வரைந்தவற்றை அவர் மண்ணிலேயே பார்த்துவர மூன்று நாள் போதும். இங்கே முடிக்க வேண்டிய வேலைகளைத்தான் மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். கார் ஓட்டுவதென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். ஓராண்டு செல்லும், அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

பெங்களூருவிலிருந்து ரோம், அங்கிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் அரெஸ்ஸோ. சான் பிரான்செஸ்கோ தேவாலயத்தின் 'மெய்ச்சிலுவைக் கதை' சுவரோவியத் தொடருக்கு நேரத்தோடு முன்பதிவு செய்துவிடுங்கள். உள்ளே கிடைப்பது அரை மணி நேரம்தான். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பைனாகுலர் தேவை. கதை வலச்சுவரின் உச்சியில், ஆதாமின் மரணத்தில் தொடங்குகிறது. ஆனால் அங்கிருந்து வரிசையாக ஓடாது. எந்தக் காட்சி எங்கே என்று காட்டும் வரைபடத்தை முந்தைய நாளே படித்துவிட்டுப் போங்கள். நீலம் பல இடங்களில் உதிர்ந்திருக்கும். ஈரச் சுண்ணக்காரையில் இட்ட நிறம் காரையோடு சேர்ந்து இறுகும். அசுரைட் என்ற கனிம நீலத்தைக் காய்ந்த பிறகு பசை கலந்து பூசுவார்கள், அது அவ்வளவாகப் பிடிக்காது. தொடரில் உள்ள ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் கனவுக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். மேலிருந்து பாயும் தேவதூதரின் ஒளியில் கூடாரம் பளிச்சிட, முன்னால் ஈட்டிக் காவலன் கருநிழலாக நிற்பான்.

காரை அரெஸ்ஸோவிலேயே எடுங்கள். பஸ்ஸை நம்பினால் ஞாயிற்றுக்கிழமை நடுவழியில் நிற்க வேண்டியதுதான். பழைய நகர வாசல்களில் 'ஜோனா டிராபிகோ லிமிடாடோ' (வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதி) என்ற பலகை தெரிந்தால் உள்ளே நுழையாதீர்கள். கேமரா படம் பிடிக்கும், அபராதம் ஊர் திரும்பிய பிறகு வரும்.

மோன்டெர்க்கியில் இருப்பது ஒரே ஓவியம், கர்ப்பிணி மாதா. திரை விலக்கும் இரு தேவதூதர்களையும் ஒரே மாதிரித்தாளைத் திருப்பிப் போட்டு வரைந்திருக்கிறார். கைகளையும் கால்களையும் ஒப்பிட்டாலே புரியும். அங்கிருந்து அரை மணி நேரத்தில் அவர் பிறந்த சான்செபோல்க்ரோ. நகர அருங்காட்சியகத்தில் 'உயிர்த்தெழுதல்'. கிறிஸ்துவுக்கு ஒரு பக்கம் மொட்டை மரங்கள், மறுபக்கம் துளிர்த்த மரங்கள். இரவு இந்த ஊரிலேயே தங்குங்கள்.

மூன்றாம் நாள் 1,049 மீட்டர் உயர போக்கா திராபாரியா கணவாய் வழியாக உர்பினோ. தொப்பூர் கணவாயை விட வளைவுகள் அதிகம். வாந்தி வருபவர்கள் காலைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அரண்மனை அருங்காட்சியகம் மூடியிருக்கும். அங்குள்ள பியரோவின் 'கசையடி' ஓவியம் 58 × 81 செ.மீ.தான், கல்யாண போட்டோ பிரேம் அளவு. பெரிய சுவரைத் தேடிக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.