எல்இடிக்கு ஏற்ற மின்னழுத்தமும் மின்தடையும்

எல்இடிக்கு எத்தனை வோல்ட் தரலாம் என்று பார்ப்பதற்கு முன், அதன் வழியே எத்தனை மில்லியாம்பியர் பாய வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டும். 5 மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரண எல்இடிகளுக்குப் பெரும்பாலும் 20 மில்லியாம்பியர் மேல்வரம்பாகும். 10 முதல் 15 வரை பாய்ந்தாலே போதிய வெளிச்சம் கிடைக்கும், ஆயுளும் நீளும். ஒளிரத் தொடங்கிய எல்இடியின் முனைகளுக்கிடையே ஏறக்குறைய மாறாத ஒரு மின்னழுத்தம் நிற்கும். அதைத் தாண்டிச் சிறிதளவு கூட்டினாலும் மின்னோட்டம் பல மடங்கு பெருகிவிடும். எல்இடி சூடேறும்போது இந்த மின்னழுத்தம் குறைவதால் மின்னோட்டம் மேலும் கூடும். ஆகவே, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று தொடரில், அதாவது அதே மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாகப் பாயும்படி, இருந்தே ஆக வேண்டும்.

ஒளிரும் எல்இடியின் முனைகளுக்கிடையே நிற்கும் இந்த மின்னழுத்தம், அதாவது முன்னோக்கு மின்னழுத்தம், நிறத்தைப் பொறுத்தது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் சுமார் 2 வோல்ட், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 முதல் 3.4 வோல்ட் வரை. பச்சையில் பழைய வகை 2 வோல்ட்டை ஒட்டியும், பளிச்சென்று எரியும் புதிய வகை 3 வோல்ட்டுக்கு மேலும் இருப்பதால், நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தயாரிப்பாளர் தரும் தரவுத்தாள் கையில் இல்லையென்றால், 9 வோல்ட் பேட்டரியுடன் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் சேர்த்து எல்இடியை எரியவிட்டு, அதன் இரு கால்களுக்கிடையே மல்டிமீட்டரால் அளந்துவிடலாம். நீளமான கால் நேர்முனை என்பதை இணைக்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கணக்கு எளியது. பேட்டரி, அடாப்டர் போன்ற மின் மூலத்தின் மின்னழுத்தத்திலிருந்து எல்இடியின் மின்னழுத்தத்தைக் கழித்து, மிஞ்சுவதை ஆம்பியரில் எழுதிய மின்னோட்டத்தால் வகுத்தால் ஓம் கிடைக்கும். 5 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடி என்றால் மிஞ்சுவது 3 வோல்ட், அதை 15 மில்லியாம்பியரால், அதாவது 0.015 ஆல், வகுக்க 200 ஓம் வருகிறது. அந்த மதிப்பு கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்த பெரிய மதிப்பான 220 ஓமை எடுக்க வேண்டும், சிறியதை அல்ல.

பலரும் கவனிக்கத் தவறும் இடம், ரெசிஸ்டருக்கு எத்தனை வோல்ட் மிச்சம் வைப்பது என்பதுதான். 12 வோல்ட்டில் 3.2 வோல்ட் கொண்ட மூன்று வெள்ளை எல்இடிகளைத் தொடரில் கோத்தால் 2.4 வோல்ட்தான் மிஞ்சும். 180 ஓம் போட்டால் சுமார் 13 மில்லியாம்பியர் பாயும். நிலைப்படுத்தப்பட்ட அடாப்டரில் இது பழுதில்லாத அமைப்பு. ஆனால் இதையே காரில் பொருத்தினால், இயந்திரம் ஓடும்போது மின்னழுத்தம் 14.4 வோல்ட்டை எட்டக்கூடும். அப்போது ரெசிஸ்டரின் பங்கு இரு மடங்காகி, மின்னோட்டமும் 27 மில்லியாம்பியரை நெருங்கிவிடும். அங்கே இரண்டு எல்இடிகளோடு நிறுத்தி 470 ஓம் போட்டால், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 12 மில்லியாம்பியரும் 14.4 வோல்ட்டில் 17 மில்லியாம்பியரும்தான் பாயும். மூலம் எவ்வளவு ஏறி இறங்குமோ, அதற்கேற்ப ரெசிஸ்டருக்கான பங்கைக் கூட்டி வைப்பதே பாதுகாப்பானது. 3.3 வோல்ட் மூலத்தில் நீல எல்இடி மங்கலாகவோ ஒன்றுக்கொன்று வேறுபட்டோ எரிவதற்கும் இந்தப் பங்கு போதாமையே காரணம். 5 வோல்ட்டுக்கு மாறுவது நல்லது.

அதே வேளையில், மிச்சம் வைப்பதெல்லாம் வெப்பமாகவே வீணாகிறது. 24 வோல்ட்டில் ஒரே ஒரு சிவப்பு எல்இடியை 20 மில்லியாம்பியரில் எரித்தால், ரெசிஸ்டரில் மட்டும் 0.44 வாட் செலவாகும்; வழக்கமான கால் வாட் ரெசிஸ்டர் அங்கே கருகிவிடும், 1 வாட் தேவைப்படும். எல்இடிகளைத் தொடரில் கூட்டுவது இந்த வீணடிப்பைக் குறைக்கும்.

எல்இடிகளை ஒன்றுக்கொன்று இணையாகச் சேர்க்கும் பக்க இணைப்பில் ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரை வைத்தால், சற்றுக் குறைந்த மின்னழுத்தமுள்ள எல்இடி அதிக மின்னோட்டத்தை இழுத்து முதலில் கெடும். அதன் பங்கும் மற்றவற்றின் மேல் விழும்.

350 மில்லியாம்பியர் கேட்கும் 1 வாட் எல்இடிகளுக்கு ரெசிஸ்டரை விட, மாறா மின்னோட்டம் தரும் டிரைவர் சுற்றும் வெப்பக் கடத்தித் தகடும் பொருத்தமானவை. வீட்டு மின்சாரத்தில் ரெசிஸ்டரை மட்டும் நம்பி எல்இடியை நேரடியாக இணைப்பதோ உயிருக்கே ஆபத்தானது; வீட்டு மின்சாரத்தோடு நேரடி மின்தொடர்பு இல்லாத, தனிமைப்படுத்தப்பட்ட அடாப்டரைப் பயன்படுத்துங்கள்.