வென்ட் துப்புரவாக்க ஆள் கூப்பிட முதல்

பின்னேரம் ஆறு, ஆறரைக்கு, அடுப்பில் கறி கொதிக்கிற நேரம் பார்த்துத்தான் அந்த போன் வரும். "நாளைக்கு எங்கள் வண்டி உங்கள் தெருவுக்கு வருகிறது, வீடு முழுக்க வென்ட் துப்புரவு 99 டொலர்." ரொறன்ரோப் பக்கம் சொந்த வீடு வைத்திருக்கும் எங்கள் ஆட்களில் இந்த போனுக்குத் தப்பியவர் இருக்க மாட்டார். வீட்டின் காற்றுக் குழாய்களைத் துப்புரவாக்கும் இந்த வேலையை நான் ஒன்பது வருடம் செய்தவன். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று ஏறி இறங்கிய பேஸ்மன்ட் படிகளுக்குக் கணக்கில்லை. சொந்தக்காரர், கோயிலில் காண்பவர், எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, இது செய்யத்தான் வேணுமோ?"

சில வீடுகளுக்குக் கட்டாயம் வேண்டும். பல வீடுகளுக்கு இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று காசு கொடுக்க முதலே நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் காற்று எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். பேஸ்மன்டில் நின்று வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குள் ஒரு பெரிய விசிறி இருக்கிறது. அது வீட்டுக் காற்றை ஒரு பக்கக் குழாய்களால் இழுத்து, ஃபில்டருக்குள்ளால் விட்டு, சூடாக்கி, மற்றப் பக்கக் குழாய்களால் அறைகளுக்கு அனுப்புகிறது. கோடையில் ஏசி போட்டாலும் இதே குழாய், இதே விசிறி. ஃபர்னஸின் தலைக்கு மேலே இருக்கும் கொயில் காற்றைக் குளிராக்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தூசி அதிகம் சேர்வது இழுக்கிற பக்கத்தில். ஃபில்டருக்கு முன்னால் வருகிற காற்று அது. தலைமயிர், உடுப்புப் பஞ்சு, கால் தூசி எல்லாம் அதோடு வரும். பல வீடுகளில் அந்தப் பக்கத்துக்கு முழுக் குழாயும் கிடையாது. தரையைத் தாங்கும் இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே கீழே ஒரு தகரத்தை அடித்து மூடி, அதையே குழாயாக்கி விட்டிருப்பார்கள். மரம் சொரசொரப்பு. தூசி அங்கே நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

சரி, பார்ப்பது எப்படி? தரையில் இருக்கும் வென்ட் மூடியைத் தூக்குங்கள். பெரும்பாலும் ஸ்க்ரூ இருக்காது, கையோடு வரும். போனில் டோர்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, கையை முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு சுற்று எடுங்கள். பிறகு சுவரில் இருக்கும் பெரிய இழுவை வென்டின் மூடியைக் கழற்றி அதற்குள்ளும் எடுங்கள். தகரத்தில் மெல்லிய சாம்பல் படலம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், எல்லா வீட்டிலும் அது இருக்கும். விரலால் வழித்தால் கம்பளி மாதிரிச் சுருண்டு வருகிறதா, எலிப் புழுக்கை கிடக்கிறதா, தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா, சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகையான ட்ரைவோலின் தூள் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் தொழில் செய்தவன் என்றபடியால் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வென்ட் துப்புரவு செய்தால் நோய் வராது என்று இதுவரை நிறுவப்படவில்லை என்றுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. மாதத்தை எண்ணிச் செய்யாமல், பூஞ்சணம், எலி, பூச்சி, மூடியால் வெளியே வரும் அளவுக்குத் தூசி என்று காரணம் இருந்தால் செய்யுங்கள் என்பது அதன் அறிவுரை. கனடாவின் வீடமைப்பு நிறுவனமான சிஎம்எச்சியும் வீடுகளில் அளந்து பார்த்துவிட்டு, மூச்சுக் காற்றிலோ சூடாக்கும் செலவிலோ வழக்கமாகப் பெரிய மாற்றம் வராது என்றே எழுதியது. ஆகவே "ஆஸ்மா மாறும், கேஸ் பில் பாதியாகும்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே கதையை நிறுத்துங்கள். பிள்ளைக்கு இழுப்பு என்றால் டொக்டரிடம் போவதுதான் வழி.

நான் கட்டாயம் செய்யச் சொல்லும் வீடுகளில் முதலாவது, புதிதாகக் கட்டி வாங்கிய வீடு. ஏஜாக்ஸில் ஒரு வீடு, குடிவந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டது, மேசையில் காலையில் துடைத்தால் மாலையில் வெள்ளைத் தூள் என்று அந்த அக்கா சொன்னார். பேஸ்மன்டில் பெரிய குழாயில் துளை போட்டுப் பார்த்தேன். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ட்ரைவோல் தூளும் மரத்தூளும் கலந்து கிடந்தன. அதன் மேல் நசுங்கிய கோலா டின் ஒன்று, கோப்பிக் கப்பின் மூடி, ஒரு பிடி ஸ்க்ரூ, அரை சாண் மரத்துண்டு. வீடு கட்டும்போது தரையில் இருந்த வென்ட் ஓட்டைகளை யாரும் மூடி வைக்கவில்லை. கூட்டிய குப்பையெல்லாம் அதற்குள் போயிருக்கிறது. அந்த வீட்டில் வேலை முடித்துவிட்டு வெளியே வரும்போது, இது செய்யவேண்டிய வேலைதான் என்று மனதுக்கு நிறைவாக இருந்தது.

அதே காரணத்தால், பேஸ்மன்ட் கட்டி முடித்த வீடு, சுவர் உடைத்துச் சமையலறை மாற்றிய வீடு, எலி ஓடிய வீடு, நாய் பூனை வளர்த்தவரிடம் வாங்கிய வீடு, ஃபில்டரே இல்லாமல் ஃபர்னஸை ஓடவிட்ட வீடு எல்லாவற்றுக்கும் சொல்வேன். பூஞ்சணம் என்றால் ஒரு சங்கதி உண்டு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அடைக்காமல் வென்டை மட்டும் துப்புரவாக்கினால் அது திரும்பவும் வரும்.

அடுத்தது ஆள் பிடிப்பது. 99 டொலர் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு ஃபர்னஸ் உள்ள சாதாரண வீட்டுக்கு இரண்டு பேர் மூன்று நாலு மணிநேரம் வேலை செய்ய வேண்டும். 2024 அக்டோபரில் ஒன்ராறியோவின் ஆகக் குறைந்த சம்பளமே மணிக்கு 17.20 டொலர். இரண்டு பேருக்கு நாலு மணிநேரம் என்றால் 137 டொலர் 60 சதம். வண்டி, எண்ணெய், இயந்திரம் ஒன்றும் இன்னும் சேரவில்லை. அப்போ 99 டொலருக்கு வருகிறவர் ஒன்றில், முக்கால் மணிநேரத்தில் முடித்துவிட்டு ஓடவேண்டும், அல்லது வீட்டுக்குள் வந்த பிறகு வேறு எதையாவது உங்கள் தலையில் கட்டவேண்டும். நான் முதலில் வேலை செய்த இடத்தில், கறுத்த பூஞ்சணம் படிந்த ஒரு குழாயின் படத்தை எங்கள் எல்லோர் கையிலும் கொடுத்திருந்தார்கள். "இது உங்கள் வீட்டுக் குழாய்" என்று காட்டி மருந்து அடிக்க 400 டொலர் வாங்க வேண்டும். ஸ்காபரோவில் தனியாக இருந்த ஒரு அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் காசோலைப் புத்தகத்தை எடுக்க எழும்பினார். எனக்கு என் அம்மாவின் முகம்தான் வந்தது. வேண்டாம் அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கிழமையோடு அந்த இடத்தையும் விட்டேன். அதனால்தான் சொல்கிறேன், படம் காட்டினால் "இப்போ என் கண் முன்னால், என் வென்டுக்குள் கமராவை விட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

கதவைத் தட்டி விற்க வருபவரிடம் ஒன்றிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் ஃபர்னஸ், ஏசி, தண்ணீர் ஹீட்டர் போன்றவற்றோடு வென்ட் துப்புரவையும் கூப்பிடாமல் வீட்டு வாசலில் வந்து விற்பது தடை. போனில் வருபவரை நம்பவேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் தேடி, நீங்கள் அழைத்தவரே நல்லது. அழைக்கும்போது இவற்றைக் கேளுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணிநேரம்? விலை முழு வீட்டுக்கா, வென்ட் கணக்கா? இழுவைப் பக்கமும் பெரிய குழாய்களும் விலைக்குள் அடங்குமா? வண்டியில் பூட்டிய பெரிய வக்கூமா, வீட்டுக்குள் கொண்டுவரும் இயந்திரமா? உள்ளே கொண்டுவருவதென்றால் ஹெபா ஃபில்டர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உறிஞ்சிய நுண்தூசி உங்கள் பேஸ்மன்டுக்குள்ளேயே வந்து விழும். சேதத்துக்குக் காப்புறுதி உண்டா? காற்றுக் குழாய் துப்புரவாக்குவோரின் சங்கமான நாட்காவின் (NADCA) சான்றிதழ் இருக்கிறது என்று சொன்னால் பெயரைக் கேட்டு, நாட்காவின் உறுப்பினர் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். 1989இல் தொடங்கிய அந்தச் சங்கம்தான் இந்தத் தொழிலுக்கு அளவுகோல் எழுதிவைத்திருக்கிறது. பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவர் வேண்டாம்.

வருகிற நாளுக்கு முதல்நாள் இரவு ஒரு வேலை உண்டு. தரை வென்ட் மூடிகளை எல்லாம் தூக்கி, முதல் வளைவில் கையை விட்டுத் துழாவுங்கள். வக்கூம் ஓடினால் அங்கே கிடப்பதெல்லாம் பைக்குள் போய்விடும். ஒரு வீட்டில் அப்படித் துழாவும்போது கடுகு, பிள்ளையின் லெகோ, இரண்டு சதக்காசு, அதோடு தூசிப் பஞ்சுக்குள் சுற்றியபடி ஒரு தோட்டுச் சுரை. உள்ளங்கையில் வைத்து ஊதினேன், பஞ்சு பறந்து பொன் தெரிந்தது. தாலிக்கொடி மாற்றிய வருடம் தொலைத்தது என்று வீட்டுக்கார அம்மா கண் கலங்கிவிட்டார். ஆறு வருடம் அவர் காலடியிலேயே கிடந்திருக்கிறது.

இனி வேலை நடக்கும்போது நீங்கள் கூட நின்று பார்க்க வேண்டியவை. முதலில் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் உள்ள சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு ஃபர்னஸுக்குக் கிட்ட, பெரிய குழாயில் எட்டு முதல் பன்னிரண்டு அங்குலத் துளை வெட்டி வக்கூமின் தும்பிக்கையைப் பூட்டுவார்கள். அனுப்புகிற பக்கத்துக்கு ஒன்று, இழுக்கிற பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அறைகளில் எல்லா வென்டையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து, கொம்பிரசரில் பூட்டிய நீளக் குழாயை உள்ளே விடுவார்கள். அதன் நுனியில் சவுக்கு மாதிரி ரப்பர் வால்கள் அடித்துக்கொண்டு போகும். தகரத்தில் டொக்கு டொக்கென்று சத்தம் கேட்கும். அந்த அடியில் கழன்ற தூசியை வக்கூம் இழுத்துக்கொள்கிறது. கடைசியாகப் பெரிய குழாய்களை அடித்து எடுப்பார்கள்.

இழுவை போதுமா என்று பார்க்க ஒரு டிஷ்யூ போதும். வக்கூம் ஓடும்போது திறந்திருக்கும் வென்டின் வாயில் பிடியுங்கள். வெடுக்கென்று உள்ளே இழுத்து ஒட்ட வேண்டும். சும்மா அசைந்துகொண்டு நின்றால் அந்த வக்கூம் காணாது. ஒவ்வொரு வென்டுக்குள்ளும் சாதாரண வக்கூமை இரண்டடி விட்டு எடுத்துவிட்டு "முடிந்தது" என்பவர் வென்டின் வாயை மட்டும்தான் துடைத்திருக்கிறார்.

விசிறியும் கொயிலும் அழுக்காக இருந்தால் அவற்றையும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சுத்தமான குழாய்க்குள் பழைய தூசிதான் திரும்ப வரும். ஆனால் கேஸ் ஃபர்னஸைக் கழற்றுவது ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏயின் (TSSA) சான்றிதழ் உள்ள கேஸ் டெக்னீசியனின் வேலை. சான்றிதழ் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கொயிலின் அலுமினியத் தகடுகள் கடதாசி மாதிரி. முரட்டுப் பிரஷ் பட்டால் மடங்கிவிடும், பிறகு அதற்குள்ளால் காற்றுப் போகாது.

குழாய்க்குள் கிருமிநாசினி புகை அடிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள். தூசியை எடுத்த பிறகு சாதாரண வீட்டில் அதற்கு அவசியமில்லை, அந்த மருந்தைக் குடும்பமே பிறகு மூச்சில் இழுக்க வேண்டிவரும்.

பழைய வீட்டுக்காரர் இதைக் கட்டாயம் கவனியுங்கள். எழுபதுகளிலோ அதற்கு முன்போ கட்டிய வீடென்றால் குழாயின் பொருத்துகளில் வெள்ளைத் துணி மாதிரி, கடதாசி மாதிரி ஒரு பட்டி ஒட்டியிருக்கலாம். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்க வாய்ப்புண்டு. கிழிக்காதீர்கள், சுரண்டாதீர்கள், வெட்டவும் விடாதீர்கள். ஆய்வுகூடத்தில் சோதித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆள் வந்திருக்கும்போதே உடுப்புக் காயவைக்கும் மெஷினின் குழாயையும் செய்வித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதல் வேலை. அதில் சேரும் பஞ்சு தீப்பிடிக்கும், உண்மையாகவே வீடு எரிந்திருக்கிறது. வருடம் ஒருமுறை செய்யலாம். வெள்ளி நிறத்தில் சுருங்கும் தாள் குழாய் போட்டிருந்தால் தகரக் குழாய்க்கு மாற்றுங்கள்.

வேலை முடிந்து அவர்கள் சாமான் ஏற்ற முதல், வெட்டிய துளைகளைத் தகரம் வைத்து ஸ்க்ரூ அடித்து அலுமினிய டேப்பால் அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கையை வைத்தால் காற்று கசியக் கூடாது. முதலில் எடுத்த அதே இரண்டு இடத்தில் திரும்பவும் வீடியோ எடுத்து ஒப்பிடுங்கள். ஃபர்னஸை அவர்கள் நிற்கும்போதே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கதவுத் தகடு சரியாக இருக்காவிட்டால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அதை ஓடவிடாது. ஜனவரி இரவில் அதைக் கண்டுபிடிப்பது பெரிய பாடு. கார்பன் மொனொக்சைட் அலாரத்தின் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

பிறகு புது ஃபில்டர். ஒரு அங்குலத் தடிப்பென்றால் மாதம் ஒருமுறை பார்த்து, மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் மாற்ற வேண்டும். எங்கள் சமையலுக்கும் சாம்பிராணிக்கும் அது இன்னும் சீக்கிரம் கறுக்கும். தாளிக்கும்போது அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போடுவது குழாய்க்கும் நல்லது. ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்று காட்டும் மேர்வ் (MERV) எண் 8 அல்லது 11 போதும். 13 போட முதல் உங்கள் ஃபர்னஸ் அதைத் தாங்குமா என்று டெக்னீசியனிடம் கேளுங்கள், மிக நெருக்கமான ஃபில்டர் விசிறியை மூச்சுத் திணற வைக்கும். ஓரத்தில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸ் விசிறியின் பக்கம் பார்த்தபடி செருகுங்கள். செருக முதல், மார்க்கர் பேனாவால் அதன் விளிம்பில் அன்றைய திகதியை எழுதுங்கள்.