வெரோனா சான் ஜெனோ தேவாலயம்: எங்கே நுழைவது, எதை முதலில் பார்ப்பது

இத்தாலியின் வெரோனா நகரில், போர்த்தா நுவோவா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், அரை மணி நேரத்துக்குள்தான். ஆனால் காஸ்தெல்வெக்கியோ கோட்டைக்கு வந்து, அங்கிருந்து அதிஜே ஆற்றங்கரையோரமாக நடப்பதே நல்ல வழி.

1. மதியத்துக்கு மேல் போங்கள். முகப்பு மேற்குப் பார்த்தது. காலையில் சிற்பங்கள் நிழலில் கிடக்கும். ஞாயிறு காலை திருப்பலி நேரம், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

2. உள்ளே போவதற்கு முன் வாசலின் வலப்பக்கச் சிற்பங்களைப் பாருங்கள். 1138 வாக்கில் நிக்கோலோ செதுக்கியவை. அடியில் வேட்டைக்குக் குதிரையேறிப் போகும் மன்னன் தியோடோரிக்; அவன் போய்ச் சேரும் இடம் நரகம். மேலே பிரியோலோத்தோ செய்த வட்டச் சாளரம், அதிர்ஷ்டச் சக்கரம். அதன் விளிம்பில் ஏறுகிறவர்களும் விழுகிறவர்களும் இருக்கிறார்கள்.

3. பலர் தடுமாறும் இடம் இதுதான். முன்வாசல் வழியே நுழைய முடியாது. முகப்பைப் பார்த்து நின்றால் இடப்பக்கம், மடத்து முற்றத்தின் வழியாகத்தான் நுழைவு, சீட்டும் அங்கேயே. புகழ்பெற்ற வெண்கலக் கதவை வெளியே தேடி ஏமாந்து திரும்பாதீர்கள், அதை உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். மரக்கதவின் மேல் அறைந்த 48 வெண்கலப் பலகைகள், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் செய்தவை. பழைய பலகைகளில் உடல் தட்டையாக இருக்க, தலை மட்டும் வெளியே துருத்தி நிற்கும். பிந்தியவற்றில் அந்த முரட்டுத்தனம் குறைந்திருக்கும். எனக்குப் பழையவைதான் உயர்வு. மேல்வரிசைக்குச் சின்னத் தொலைநோக்கி வேண்டும். கைபேசியில் பெரிதாக்கினால் வெண்கலம் வெறும் கறுப்பாகத் தெரியும்.

4. அடுத்து நிலவறை. வெரோனாவின் ஆயராக இருந்த புனித ஜெனோவின் உடல் இங்கே. தூண்களின் தலைப்பகுதிகளைச் சுற்றிப் பாருங்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

5. கடைசியாக, மேலே பலிபீடத்தில் மாந்தேஞாவின் ஓவியம் (1457-1460). இதை 1797-ல் நெப்போலியனின் படை பிரான்சுக்குக் கொண்டுபோனது. பெரிய மூன்று பலகைகள் திரும்பி வந்தன. அடியிலிருந்த மூன்று சிறிய பலகைகள் வரவேயில்லை. நீங்கள் பார்ப்பது அவற்றின் நகல். அசலில் சிலுவைக் காட்சி பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலும் மற்ற இரண்டும் பிரான்சின் தூர் நகரிலும் இருக்கின்றன.

அப்படியே, சிரிக்கும் ஜெனோவின் வண்ணச் சிலையைத் தவறவிடாதீர்கள். மீனவர்களின் காவலர் அவர். கோலில் மீன் தொங்கும்.

வெரோனாவின் மற்ற பெரிய தேவாலயங்களுக்கும் போவதாக இருந்தால் கூட்டுச் சீட்டே வாங்குங்கள், தனித்தனியாக வாங்குவதைவிட லாபம்.