பக்கத்து அறைக்குப் போக ஊரைச் சுற்றும் கணினி: ஐபி முகவரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து இணையக் கம்பி அறுந்த ஒரு மாலையில், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து என்னை அழைத்தார்கள். பச்சை இலை எடை போடும் கணினியில் ரசீது வரவில்லை. இலை மூட்டைகளோடு சிறு விவசாயிகள் காத்திருந்தார்கள். கணக்கு சர்வரோ அடுத்த அறையில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. எடைக் கணினியின் மென்பொருளில் சர்வரின் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணைத் திறந்து பார்த்தபோது, அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் 192.168.1.10 என்ற உள் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், வெளி இணையத்துக்குத் தெரியும் அலுவலகத்தின் பொது முகவரி இருந்தது. உரிமையாளர் வீட்டிலிருந்தும் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காக எப்போதோ செய்த மாற்றம் அது.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். பொது முகவரியைக் கொடுத்தால், கணினி தன் தரவை, அலுவலகத்தை இணையத்தோடு இணைக்கும் ரவுட்டரிடம் ஒப்படைக்கும். ரவுட்டர் அதைத் திருப்பி உள்ளேயே அனுப்ப வேண்டும். அப்படித் திருப்பத் தெரியாத ரவுட்டர்கள் பல உண்டு. தெரிந்த ரவுட்டரும், வெளி இணைப்பு அறுந்து பொது முகவரியை இழந்த பிறகு எதையும் திருப்ப முடியாது.

அடுத்த அறை எது, அமெரிக்கா எது என்பது கணினிக்குத் தெரியாது. தன் முகவரியையும் போக வேண்டிய முகவரியையும், முகவரியின் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க்கோடு பொருத்திப் பார்ப்பது ஒன்றே அதற்குத் தெரிந்த கணக்கு. மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும். ஒத்துப்போனால் நேரடியாக அனுப்பும், இல்லையென்றால் வெளியே போகும் வாசலான கேட்வேயிடம், அதாவது ரவுட்டரிடம் கொடுக்கும். ஆகவே, அலுவலகம் 192.168.1 என்றும் சரிவுக்குக் கீழே உள்ள கிடங்கு 192.168.2 என்றும் தனித்தனி வலையமைப்பாக இருக்கும்போது, ஒரு கணினியில் மட்டும் மாஸ்க்கை 255.255.0.0 என்று போட்டுவிட்டால், அது கிடங்கையும் தன் வலையமைப்பு என்றே நம்பி, 'இந்த முகவரி யாருடையது?' என்று உள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கும், பதில் வராது. இணையம் நன்றாக வரும், கிடங்கு மட்டும் கிடைக்காது என்றால் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள். கம்பியை மாற்றிச் செலவு செய்ய வேண்டாம்.

எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கொடுப்பதே நல்ல வழி. பெயரைக் கேட்டு முகவரியைச் சொல்லும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். அந்தப் பெயருக்கு உள்ளே இருக்கும் டிஎன்எஸ் உள் முகவரியையும், வெளியே இருக்கும் டிஎன்எஸ் பொது முகவரியையும் பதிலாகத் தர வேண்டும். இதைச் சரியாகச் செய்தவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள்: இரண்டாவது டிஎன்எஸ் என்ற கட்டத்தில், பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 எழுதிவிடுகிறார்கள். முதலாவது பதில் சொல்லத் தாமதித்தால் கணினி இரண்டாவதைக் கேட்கும். அது பொது முகவரியைச் சொல்லும், அல்லது அப்படியொரு பெயரே இல்லை என்று சொல்லும். காலையில் வேலை செய்தது, மதியம் செய்யவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பலமுறை இதைத்தான் கண்டிருக்கிறேன். இரண்டாவது கட்டத்திலும் உள் டிஎன்எஸ்ஸையே எழுதுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் காலியாக விடுங்கள்.

172 என்று தொடங்குவதெல்லாம் உள் முகவரி அல்ல, 172.16 முதல் 172.31 வரை மட்டுமே. அதேபோல் ரவுட்டரின் வெளிப்பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரையிலான முகவரி தெரிந்தால், அது இணைய நிறுவனம் பலருக்குப் பொதுவாகப் பங்கிட்டுக் கொடுத்தது. அதை நம்பி வெளியிலிருந்து சர்வரைத் திறக்க முடியாது.

இதுவரை சொன்னவை ஐபிவி4 என்ற பழைய முறையின் முகவரிகள்; நீளமான முகவரிகள் கொண்ட ஐபிவி6 என்ற புதிய முறை வந்த பிறகு, எந்த முகவரிக்குப் போவது என்ற தேர்வு இன்னும் நுட்பமாகிவிட்டது. ஒரே கணினிக்கு இணைப்புக்குள் மட்டும் செல்லும் முகவரி, உள் முகவரி, உலக முகவரி என்று பல இருக்கும். எதற்கு முன்னுரிமை என்பதை 2012-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6724 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்துள்ளது. பெரிய எண்ணுக்கே முன்னுரிமை தரும் அதன் பட்டியலில் உலக ஐபிவி6 முகவரிக்கு 40, ஐபிவி4-க்கு 35, எஃப்சி, எஃப்டி என்று தொடங்கும் உள் ஐபிவி6 முகவரிக்கு வெறும் 3. உள்ளே இருப்பதால் எஃப்டி முகவரிதான் முதலில் வரும் என்று எண்ணி, எந்தத் தரவை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் ஃபயர்வால் விதிகளை அதற்கு மட்டும் எழுதுபவர்கள், கணினி ஐபிவி4 வழியாகப் போவதைக் கண்டு திகைக்கிறார்கள். இரண்டு வழிக்கும் விதி எழுதுவதே சரி.

எல்லாம் அமைத்து முடித்ததும், வேலை குறைவான நேரத்தில், ரவுட்டரிலிருந்து வெளி இணைப்புக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பழைய டிஎன்எஸ் பதிலைக் கணினி நினைவில் வைத்திருக்கும் என்பதால் கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, பிறகு ஒரு ரசீதை அச்சிட்டுப் பாருங்கள்.