வீட்டுப் பெரியவர்களுடன் பாலைவனப் பள்ளத்தாக்குகளுக்குக் காரில் செல்வது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து பேரன் பேத்திகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெரியவர்களைப் பிள்ளைகள் கிராண்ட் கேனியனுக்கு அழைத்துச் செல்ல விரும்புவது இயல்பு. ஆனால், யூட்டா, அரிசோனா மாநிலங்களின் பூங்காக்களையெல்லாம் ஒரே வாரத்தில் சுற்றி வரும் திட்டங்கள் இளைஞர்களுக்கே பொருந்தும். எழுபதைக் கடந்த அப்பத்தாவும் ஐந்து வயதுப் பேரனும் ஒரே காரில் வருகிறார்கள் என்றால், சயான், பிரைஸ், கிராண்ட் கேனியன் ஆகிய மூன்றும் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு இரவுகள் தங்குங்கள். ஆர்ச்சஸ், கேனியன்லேண்ட்ஸ் ஆகியவற்றை மற்றொரு பயணத்துக்கு விட்டுவிடுவதே நல்லது.

காலம் என்று பார்த்தால் மே மாதம் நமக்கு மிகவும் ஏற்றது. நம் ஊர்ப் பள்ளிகளுக்கு அப்போது விடுமுறை. அமெரிக்கப் பள்ளிகளின் நீண்ட விடுமுறைக் கூட்டம் இன்னும் தொடங்கியிராது. வெயிலும் உச்சத்தை எட்டியிராது. எனினும் பிரைஸில் மே மாத இரவுகளில்கூட நீர் உறையும் அளவுக்குக் குளிரக்கூடும் என்பதால் கம்பளி உடையும் காதை மூடும் குல்லாவும் அவசியம். 2026 முதல் இம்மூன்று பூங்காக்களிலும் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு; புறப்படுமுன் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாஸ் வேகாஸில் காரை எடுத்து முதலில் சயானுக்குச் செல்லும்படி நான் சொல்வதற்குக் காரணம் உயரம். சயானை ஒட்டிய ஸ்பிரிங்டேல் ஊர் சுமார் 4,000 அடி உயரத்திலும், பிரைஸின் விளிம்பு 8,000 அடிக்கு மேலும், கிராண்ட் கேனியனின் தென் விளிம்பு ஏறத்தாழ 7,000 அடியிலும் உள்ளன. படிப்படியாக ஏறினால் உடல் பழகிக்கொள்ளும். நேராக பிரைஸுக்குச் சென்றால் முதல் நாளே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பயணக் காப்பீடு இல்லாமல் பெரியவர்களை அழைத்துச் செல்லவே கூடாது.

சயானில் வசந்த காலம் தொடங்கி இலையுதிர்காலம் முடியும்வரை பள்ளத்தாக்கின் உட்சாலையில் சொந்தக் கார்களுக்கு அனுமதியில்லை. இலவசப் பேருந்தில் செல்ல வேண்டும். இது பெரியவர்களுக்கு வசதிதான். பாருஸ் பாதை சக்கர நாற்காலியும் செல்லக்கூடிய, தளம் போட்ட பாதை. பிரைஸில் சன்ரைஸ், சன்செட் முனைகளுக்கு இடையிலான அரை மைல் விளிம்புப் பாதையும் அப்படித்தான். அங்கு நிற்கும் செந்நிறக் கல் தூண்களைக் காட்டி, பாறை வெடிப்பில் புகுந்த நீர் இரவில் உறைந்து விரிவதும் பகலில் உருகுவதுமாகவே இவற்றைச் செதுக்கியது என்று பேரனுக்குச் சொன்னால், அவனே வெடிப்புகளைத் தேடத் தொடங்குவான். கீழே இறங்கும் பாதைகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: இறங்கியதைப் போல இரு மடங்கு நேரம் ஏறுவதற்கு ஆகும் என்று வைத்துக்கொண்டு, களைப்பு தெரியும் முன்பே திரும்பிவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலில் சட்டை நனைவதைப் பார்த்துத் தண்ணீர் குடிக்கிறோம். பாலைவனக் காற்றிலோ வியர்வை துளிர்த்தவுடன் உலர்ந்துவிடுவதால், உடல் நீரை இழப்பதே பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று காரில் ஏற்றிக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை கேட்காமலேயே கையில் கொடுங்கள். உப்புக்கு மாவடுவோ நார்த்தங்காய் ஊறுகாயோ உதவும்.

ஊரிலிருந்து தேன்குழல், மணகோலம், பொரிவிளங்காய் உருண்டை ஆகியவற்றைக் கொண்டு செல்லலாம். ஆனால் விமான நிலையத்தில் உணவுப்பொருள் இருப்பதை அறிவித்துவிட வேண்டும். உப்புக்கண்டத்துக்கு அனுமதியில்லை, இறைச்சி எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். சமையலறையுள்ள அறை கிடைத்தால், பிரைஸின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். வழக்கமான அளவில் வைத்த சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, நீரைக் கூட்டி, பொறுத்து வேகவிட்டால் புளிக்காய்ச்சலோடு பிசையும் பதத்துக்கு வரும்.

பிரைஸிலிருந்து தெற்கே வரும்போது அரிசோனாவின் பேஜ் நகரில் ஓர் இரவு தங்கலாம். மே மாதத்தில் யூட்டாவைவிட அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். அருகிலுள்ள குறுகிய பாறைப் பிளவான ஆன்டிலோப் கேனியனுக்கு முன்பதிவு செய்யும்போது இதைக் கவனியுங்கள். அது நவாஹோ மக்களின் நிலம் என்பதால் வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. கீழ்ப்பகுதியில் செங்குத்தான ஏணிப்படிகள் உண்டு. மேற்பகுதியின் தரை சமதளம்தான் என்றாலும் வெளியேறும் வழியில் படிகள் உண்டு; பெரியவர்களால் ஏற முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 1997 ஆகஸ்டில் தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் கீழ்ப்பகுதிக்குள் பாய்ந்து 11 பேர் உயிரிழந்தனர். எனவே தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், உள்ளே போக வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

கிராண்ட் கேனியன் 446 கிலோமீட்டர் நீளமும் சுமார் 1.6 கிலோமீட்டர் ஆழமும் கொண்டது. தென் விளிம்பில் யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்திலிருந்து செல்லும் காலப் பாதையை எல்லாவற்றுக்கும் மேலாக நான் பரிந்துரைப்பேன். தளம் போட்ட அந்தப் பாதையில் ஒவ்வொரு மீட்டரும் பத்து லட்சம் ஆண்டுகளைக் குறிக்கும். அந்தந்தக் காலத்துப் பாறைகளைத் தொட்டுப் பார்க்கலாம். பிரம்மா, விஷ்ணு, சிவன் பெயர்களைத் தாங்கிய பாறைக் குன்றுகளும் இப்பள்ளத்தாக்கில் உண்டு. எவையெவை என்று வனக்காவலரிடம் கேட்டு அப்பத்தாவுக்குக் காட்டுங்கள். விளிம்பில் பல இடங்களில் கம்பித் தடுப்பு கிடையாது. குழந்தையின் கையை ஒருவர் பிடித்தே இருக்க வேண்டும், படம் எடுப்பவர் வேறொருவராக இருக்கட்டும்.

சாலையில் கைப்பேசித் தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும் என்பதால் வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். எரிபொருள் பாதியாகக் குறைந்தவுடன் கண்ணில் படும் பங்க்கில் நிரப்புங்கள். இருட்டிய பின் மான்கள் சாலையைக் கடக்கும். சூரியன் மறையும் முன் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். லாஸ் வேகாஸுக்குத் திரும்ப நாலரை மணி நேரமாவது ஆகும். அன்றைக்கே விமானம் ஏறும்படி பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.