கதவைத் தட்டினால் ‘அட்’ வேண்டும்

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்கு முதல் தடவை படித்துக்கொண்டிருந்த காலம். பயிற்சித் தாள் ஒன்றில் ‘ஹி நாக்ட் த டோர் ட்வைஸ்’ என்று ஒரு வாக்கியம் கொடுத்து, பிழை எங்கே என்று கேட்டிருந்தார்கள். நாலு தடவை படித்துவிட்டு ‘நோ எரர்’ என்று குறித்தேன். கதவை இரண்டு முறை தட்டினான், அவ்வளவுதானே? விடையில் ‘நாக்ட் அட் த டோர்’ என்று இருந்தது. விடைதான் தப்பு என்று அரை மணி நேரம் வாதாடினேன், சுவரோடு. பிறகுதான் உறைத்தது. கண் ஆங்கிலத்தில் ஓடியிருக்கிறது, மனசு தமிழில் படித்திருக்கிறது. தமிழில் ‘கதவை’ என்று ‘ஐ’ போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அந்த நிம்மதியில் ‘அட்’ காணாமல் போனதை நான் பார்க்கவே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள் நான். இப்போது மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறேழு பிள்ளைகள் கூடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இந்தப் பகுதியில் கண்ணைவிடக் காது நல்ல வாத்தியார்.

முதலில் ஒரு நோட்டு வாங்கிப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் ‘நம்ம நாக்கு’, வலது பக்கம் ‘அவன் நாக்கு’. பயிற்சித் தாளில் தப்பாகும் ஒவ்வொரு கேள்வியையும் இதில் எழுத வேண்டும். இடது பக்கத்தில், அந்தத் தப்பைச் செய்யவைத்த தமிழ்ச் சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும். அதுதான் முக்கியம். எனக்கு ஒரு பயிற்சி மையத்தில் ஐந்நூறு மரபுத்தொடர் அடங்கிய ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் நாற்பதைத் தாண்டவில்லை. என் நோட்டில் மொத்தமே இருநூறு வரிதான் இருக்கும். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், ஏனென்றால் அத்தனையும் நானே விழுந்த பள்ளங்கள்.

இரண்டு மாதம் எழுதினால் பள்ளங்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். ஒரு கூட்டம், ‘ஐ’ போட்டு நாம் முடித்துவிடுகிற வினைகள். கதவைத் தட்டு, பாட்டைக் கேள், படத்தைப் பார். ஆங்கிலத்தில் ‘நாக் அட்’, ‘லிசன் டு’, ‘லுக் அட்’. இங்கே சொல்லை விட்டுவிடுவோம்.

இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர். தமிழில் ஒரு ஒட்டுச் சொல் இருப்பதால் ஆங்கிலத்திலும் ஒன்றைச் செருகுவோம். விஷயத்தைப் பற்றிப் பேசினோம் என்பதால் ‘டிஸ்கஸ்ட் அபௌட் த மேட்டர்’. அந்த ‘அபௌட்’ தப்பு. அப்பா மாதிரி இருக்கிறான் என்பதால் ‘ரிசெம்பிள்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்’. ‘லைக்’ தப்பு. அறைக்குள் நுழைந்தான் என்பதால் ‘என்டர்ட் இன்டு த ரூம்’. அங்கே ‘இன்டு’ தப்பு. ஆனால் ஒப்பந்தம் போடும்போது மட்டும் ‘என்டர்ட் இன்டு அன் அக்ரீமென்ட்’ சரி. கேள்வி போடுகிறவர்களுக்கு இந்த ஜோடி ரொம்பப் பிடிக்கும்.

மூன்றாவது கூட்டம், ஒட்டுச் சொல் மாறிப்போவது. அவரோடு கல்யாணம் என்று நாம் சொல்வதால் ‘மேரீட் வித்’ என்று வரும். ‘மேரீட் டு’ தான் சரி. காபியைவிட டீ பிடிக்கும் என்றால் ‘தேன்’ என்று கை போகும். ‘ப்ரிஃபர் டீ டு காஃபி’. என்னைவிட சீனியர், ‘சீனியர் டு மி’. ஜெயித்ததற்கு வாழ்த்து, ‘கங்ராஜுலேட்’ வந்தால் ‘ஆன்’. ‘கோப் அப் வித்’ என்று ஊரே சொல்கிறது, நம் மேலதிகாரிகளும் சொல்கிறார்கள். தேர்வில் ‘கோப் வித்’ மட்டும்தான். ‘நோ சூனர்’ வந்தால் ‘தேன்’, ‘ஹார்ட்லி’ வந்தால் ‘வென்’, ‘லெஸ்ட்’ வந்தால் ‘ஷுட்’ என்கிற ஜோடிகளுக்குத் தமிழ் உதவாது, உருப்போட வேண்டியதுதான்.

மரபுத்தொடருக்குப் பொருள் கேட்கும் கேள்விக்கு வருவோம். இதில் தமிழ் பாதி வரம், பாதி வலை.

வரம் எங்கே என்றால், இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்த இடங்களில். ‘வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்’, கைகழுவிவிடுவது. ‘பர்ன் ஒன்ஸ் ஃபிங்கர்ஸ்’, கையைச் சுட்டுக்கொள்வது. ‘த்ரோ டஸ்ட் இன் த ஐஸ்’, கண்ணில் மண்ணைத் தூவுவது. உருவம் வேறாக இருந்தாலும் ஆள் ஒன்றாக இருக்கும் சில உண்டு. ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ நம் அத்தி பூத்தாற்போல. ‘கேரி கோல்ஸ் டு நியூகாசில்’ என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. நியூகாசில் இங்கிலாந்தின் வடக்கே நிலக்கரி ஏற்றுமதியில் கொழித்த துறைமுக ஊர் என்று தெரிந்துவிட்டால் இதை மறக்கவே முடியாது. ‘அட் தி இலெவன்த் அவர்’ பைபிளில் வரும் திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் கதையிலிருந்து வந்தது. பகலைப் பன்னிரண்டு மணியாகக் கணக்கிட்ட காலம். பதினோராம் மணிக்கு வந்தவன் கடைசி நேரத்தில் வந்தவன். எங்கள் மாடிக்கு வரும் பையன் ஒருவன் ‘ராத்திரி பதினோரு மணிக்கா அக்கா?’ என்று கேட்ட பிறகுதான் இதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

வலை எங்கே என்றால், சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் இடங்களில். இவற்றை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். ‘புல் சம்ஒன்ஸ் லெக்’ என்றதும் காலை வாரிவிடுவது, அதாவது நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று குறிப்போம். அது வெறும் கிண்டல், கலாய்ப்பது. ‘ஈட் ஒன்ஸ் வேர்ட்ஸ்’ என்றால் வார்த்தையை மென்று முழுங்குவது என்று தோன்றும். நமக்கு அது சொல்லத் தயங்குவது. அவர்களுக்கோ, சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டு வாபஸ் வாங்குவது. ‘புட் ஒன்ஸ் ஃபுட் டவுன்’ காலூன்றுவது ஆகாது, முடியாது என்று கறாராக நிற்பது. ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ தலைகீழ் என்று தெரியும், ஆனால் பெரும்பாலும் காதலில் தலைகால் தெரியாமல் விழுந்ததைத்தான் சொல்லும். விருப்ப விடைகளில் சொல்லுக்குச் சொல் பொருள் தரும் ஒன்று அநேகமாக இருக்கும். கண் முதலில் அதில்தான் போய் ஒட்டும். தொடரில் உள்ள கை, கால், தலை அப்படியே விடையிலும் இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

இனி பிரதிப் பெயர், அதாவது ‘ப்ரோநவுன்’. ‘ஹிஸ்’சா ‘தேர்’ரா, ‘ஹேஸ்’ஸா ‘ஹேவ்’வா என்கிற தலைவலி. இங்கே நான் சொல்வது பலருக்கு வேடிக்கையாக இருக்கும்: வாக்கியத்தை நல்ல தமிழில் சொல்லிப் பாருங்கள். பேச்சு வழக்கில் சொன்னால் கவிழ்த்துவிடும். இலக்கணத் தமிழில் சொன்னால் விடையையே கையில் கொடுக்கும்.

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் இஸ் கமிங்’ என்ற தப்பு, ‘என் ஃப்ரெண்டு ஒருத்தன் வர்றான்’ என்ற பேச்சிலிருந்து வருகிறது. ‘என் நண்பர்களில் ஒருவன் வருகிறான்’ என்று சொல்லுங்கள். ‘களில்’ என்பது ‘ஃப்ரெண்ட்ஸ்’, ‘ஒருவன் வருகிறான்’ என்பது ‘இஸ்’. ‘எவ்ரி’ வந்தாலும் இதே வழி. பேச்சில் ‘எல்லாரும் அவங்கவங்க புக்கை’ என்போம். ‘ஒவ்வொரு’ என்று தொடங்கிப் பாருங்கள். ‘ஒவ்வொரு மாணவன்களும்’ என்று நாக்கு வராது. ‘ஒவ்வொரு மாணவனும் தன் புத்தகத்தை’ என்றுதான் வரும். ஒருமை. ‘ஈச் ஆஃப் த பாய்ஸ்’ வந்தாலும் ‘பாய்ஸ்’ஸைப் பார்த்து மயங்காமல் ‘ஹேஸ்’, ‘ஹிஸ்’.

‘த கேப்டன், அலாங் வித் த ப்ளேயர்ஸ்’ என்று வந்தால்? ‘அலாங் வித்’, ‘டுகெதர் வித்’, ‘ஆஸ் வெல் ஆஸ்’ மூன்றும் நம் ‘உடன்’. தலைவர் வீரர்களுடன் வந்தார். எத்தனை வீரர்கள் உடன் வந்தாலும் வினை தலைவருக்குத்தான். ‘அண்ட்’ மட்டும்தான் நம் ‘உம்’. தலைவரும் வீரர்களும் வந்தார்கள். ‘த செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர்’ என்று ஒரே ‘த’ இருந்தால் அது ‘செயலாளரும் பொருளாளருமான’ ஒரே ஆள், ‘ஹேஸ்’. இரண்டு ‘த’ இருந்தால் இரண்டு பேர், ‘ஹேவ்’. கமிட்டியும் இப்படித்தான். குழு அறிக்கை கொடுத்தது என்றால் ‘இட்ஸ் ரிப்போர்ட்’. குழுவினர் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள் என்றால் ‘தேர் ஒபீனியன்ஸ்’.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்தது. ‘ஹி இஸ் ஒன் ஆஃப் த பாய்ஸ் ஹூ’ என்று தொடங்கி, ‘ஸ்பீக்’கா ‘ஸ்பீக்ஸ்’ஸா என்று கேட்பார்கள். ஆங்கில வழியில் படித்தவர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் சொல்லுங்கள்: உண்மை பேசும் பையன்களில் இவன் ஒருவன். ‘பேசும்’ எதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது? பையன்கள். அப்படியானால் பன்மை, ‘ஸ்பீக்’. அதே வாக்கியத்தில் ‘தி ஒன்லி ஒன்’ வந்தால்: பையன்களில் உண்மை பேசும் ஒரே ஒருவன் இவன்தான். ‘பேசும்’ இப்போது ஒருவனிடம் வந்துவிட்டது. ‘ஸ்பீக்ஸ்’. நம் எச்சம் பெயருக்கு முன்னால் போய் ஒட்டுவதால் சந்தேகத்துக்கே இடமில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று மாடியில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

‘ரவி டோல்ட் குமார் தட் ஹிஸ் பைக் வாஸ் ஸ்டோலன்’ போன்றவை குறைவாகத்தான் வரும். தமிழாக்கும்போது ‘தன் பைக்’கா ‘அவன் பைக்’கா என்று நாக்கு தயங்கினால், யாருடைய பைக் என்று அந்த ஆங்கிலம் சொல்லவில்லை என்று அர்த்தம். வாக்கியத்தைத் திருத்தச் சொல்லும் கேள்வியில், பெயரைத் திரும்பச் சொல்லும் விடையைத் தேடுங்கள்.

தமிழ் கைவிடும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ‘வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டான்’ என்பதில் உள்ள ‘கொள்’தான் ‘அவெய்ல்ட் ஹிம்செல்ஃப் ஆஃப்’ என்பதில் வரும் ‘ஹிம்செல்ஃப்’ என்று நினைத்து மகிழ்ந்தேன். ‘ஒளிந்துகொண்டான்’ வந்து கவிழ்த்தது; நம் தேர்வுப் பாடத்தில் அது ‘ஹைட்’ என்பதன் இறந்த காலமான ‘ஹி ஹிட்’ மட்டும்தான், ‘ஹிம்செல்ஃப்’ கிடையாது. ஆகவே ‘ஹிம்செல்ஃப்’ கேட்கும் ‘அவெய்ல்’, ‘ஆப்சென்ட்’, ‘என்ஜாய்’, ‘ப்ரைட்’ (பெருமைப்படு) ஆகியவற்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘நீதர்–நார்’ வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருப்பவன் சொல்வதே சட்டம். ‘நானும் அவனும்’ என்று நாம் தன்னை முன்னால் போடுவோம். அவர்களுக்கு ‘யூ, ஹி அண்ட் ஐ’. தப்பை ஒப்புக்கொள்ளும்போது மட்டும் ‘ஐ’ முதலில். ‘பிட்வீன் யூ அண்ட்’ என்று வந்தால் ‘மி’. இவற்றுக்கு மேல் விளக்கம் கேட்காதீர்கள், எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள்.

‘எவ்ரிஒன்’ வந்தால் ‘ஹிஸ்’ஸா ‘தேர்’ரா என்று பெண் பிள்ளைகள் கோபமாகவே கேட்பார்கள். நியாயமான கோபம். ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று நம் நாட்டின் 1897-ஆம் ஆண்டுப் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவே சொல்கிறது. நம் தேர்வு இலக்கணத்துக்கும் அதே பழைய மனசு. வெளியே உலகம் மாறிவிட்டது. ஒருமைக்கு வரும் ‘தே’யை மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019-இன் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது. அலுவலக மின்னஞ்சலில் நான் ‘தேர்’ தான் எழுதுகிறேன். தேர்வில் ‘ஹிஸ் ஆர் ஹர்’ இருந்தால் அதையும், இல்லாவிட்டால் ‘ஹிஸ்’ஸையும் குறியுங்கள். சண்டையை வேலையில் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தேர்வறையில், முதல் கட்டமான டையர் ஒன்னில் 100 கேள்விக்கு 60 நிமிடம், கேள்விக்கு 36 நொடி. ஆங்கிலம் 25 கேள்வி, 50 மதிப்பெண். பிழை காணும் கேள்வியில் முதலில் வினையைப் பிடித்து, அதற்குப் பின்னால் ஒட்டுச் சொல் இருக்கிறதா, இருக்க வேண்டுமா என்று பாருங்கள். அடுத்து ஒவ்வொரு பிரதிப் பெயரும் யாரைக் காட்டுகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பிறகு ஜோடிச் சொற்கள். மூன்றும் சரியாக இருந்தால் பயப்படாமல் ‘நோ எரர்’. கேட்கிறார்களே, ஏதாவது பிழை இருந்தாகத்தான் வேண்டும் என்று தோண்டாதீர்கள்.

தெரியாததைக் குறிக்கலாமா? டையர் ஒன்னில் சரிக்கு 2, தப்புக்கு அரை மதிப்பெண் போகும். நாலில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியில் நஷ்டமில்லை. இரண்டாம் கட்டமான டையர் டூ வேறு கதை. சரிக்கு 3, தப்புக்கு முழுசாக 1 போய்விடும். கண்ணை மூடிக் குறித்தால் கூட்டிக் கழித்துச் சுழியம். அங்கே ஒரு விடையையாவது தப்பு என்று தைரியமாக அடித்த பிறகே சுட்டியை அழுத்துங்கள்.